ஐந்நூற்றைந்து காணம்: பழனிமலையில் அலைந்தவர்களுக்குச் சோறு போட்டது யார்?

பழனியிலிருந்து கொழுமம் போகும் வழியில், பாப்பம்பட்டி பக்கம் ஐவர்மலை என்று ஒரு குன்று இருக்கிறது. பாண்டவர்கள் ஐந்து பேரும் வனவாசத்தில் இங்கே தங்கினார்கள் என்று ஊரில் சொல்லும் கதையால் அந்தப் பெயர். குன்றின் மேலே பாறை முன்னால் நீண்டு கூரை மாதிரி கவிந்திருக்கும். அதன் நெற்றியில் வரிசையாகத் தீர்த்தங்கரர் உருவங்கள். சமணத் துறவிகள் தங்கிய இடம். பக்கத்திலேயே கல்வெட்டுகள்.

அதில் ஒன்று பாண்டிய வரலாறு படிப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்தது. சக ஆண்டு 792 என்றும், வரகுண பாண்டியனின் எட்டாம் ஆட்சியாண்டு என்றும் இரண்டு கணக்கையும் சேர்த்துச் சொல்கிறது. 792ஐ நம் கணக்குக்கு மாற்றினால் கி.பி. 870. அப்படியானால் வரகுணன் பட்டத்துக்கு வந்தது 862. பாண்டியர் காலவரிசைக்கு இப்படி ஒரு ஆணி அடித்த மாதிரி கிடைப்பது அபூர்வம். அதனால் எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் இந்தக் கல்வெட்டை ஆண்டுக்காக மட்டும் மேற்கோள் காட்டிவிட்டு அடுத்த பக்கம் போய்விடுவார்கள்.

எனக்கு ஆண்டைவிட அதன் கடைசிப் பகுதிதான் முக்கியமாகப் பட்டது. குணவீரக்குரவடிகள் என்பவரின் மாணவர் சாந்திவீரக்குரவர், இந்தத் திருவயிரை மலையில் இருந்த பார்சுவநாதர் உருவத்தையும் இயக்கியர் உருவங்களையும் புதுப்பிக்கிறார். பிறகு அவற்றுக்குத் தடையில்லாமல் படையல் நடக்கவும், ஒரே ஒரு அடிகளுக்குச் சோறு கிடைக்கவும் 505 காணம் பொன் வைக்கிறார். அவ்வளவுதான் விஷயம். ஒரு துறவியின் சாப்பாட்டுக்கு ஒரு வைப்புநிதி.

இதைப் படித்த நேரம், நான் வேறொரு கணக்கில் மூழ்கியிருந்தேன். வயது நாற்பதைத் தாண்டி சில வருடம் ஆகிறது. ஐடியில் இருபது வருடத்துக்கு மேல். என் தலைமுறை ஐடிக்காரர்களில் பாதிப் பேர் லேப்டாப்பில் ஒரு எக்செல் ஷீட் ரகசியமாக இருக்கும். வேலையை விட்டுவிட்டு ஊர் ஊராகச் சுற்றினால் கையில் இருக்கும் காசு எத்தனை வருடம் வரும் என்கிற ஷீட். அதில் எல்லோரும் போடும் ஃபார்முலா ஒன்றுதான்: ஒரு வருடச் செலவைப் போல 25 மடங்கு சேர்த்துவிட்டால், வருடம் நாலு சதவீதம் எடுத்துச் சாப்பிடலாம், முதல் தீராது. 1994ல் அமெரிக்காவில் வில்லியம் பெங்கன் என்ற நிதி ஆலோசகர், அந்த நாட்டுப் பங்குச் சந்தைப் புள்ளிவிவரங்களை வைத்து, முப்பது வருட ஓய்வுக்காலத்துக்குப் போட்ட கணக்கு அது. நம் ஆட்கள் அதை அப்படியே தூக்கி வந்து ஐம்பது வருடத்துக்கும் இந்திய விலைவாசிக்கும் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அது வேறு கதை.

முதலைத் தொடாமல் வட்டியில் சாப்பிடுவது என்ற யோசனை பெங்கனுக்கு ஆயிரம் வருடம் முன்பே தமிழ்க் கல்வெட்டுகளில் சர்வசாதாரணம். வட்டிக்குப் பொலிசை என்று பெயர். முதல் கெடாமல் பொலிசை கொண்டு செலுத்த வேண்டும் என்பது கிட்டத்தட்ட ஒரு நிலையான வாசகம். அதே பாண்டியர் காலத்துத் திருச்செந்தூர் கல்வெட்டில் வரகுண மகாராஜர் 1400 காசைப் பல ஊர்ச் சபைகளிடம் பிரித்துக் கொடுக்கிறார். ஒரு காசுக்கு வருடம் இரண்டு கலம் நெல் பொலிசை.

சும்மா ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கலம் என்பது 12 மரக்கால், மரக்கால் 8 நாழி. ஆக ஒரு கலம் 96 நாழி. ஐந்து நாழி நெல்லுக்கு இரண்டு நாழி அரிசி என்று கல்வெட்டுகளில் ஒரு விகிதம் வரும். ஒருவருக்கு நாளைக்கு ஒரு நாழி அரிசி என்று வைத்தால் வருடத்துக்கு 365 நாழி அரிசி, அதாவது 912 நாழி நெல்லுக்குச் சற்று மேல், அதாவது ஒன்பதரைக் கலம். திருச்செந்தூர் வட்டிப்படி ஐந்து காசு முதல் போட்டால் ஒரு ஆளுக்கு ஆயுசுக்கும் சோறு. ஆயுசுக்கும் என்பதுகூடத் தப்பு. சூரிய சந்திரர் உள்ளவரை. காசு வேறு, காணம் வேறு. ஐவர்மலைப் பொன்னில் படையலும் சேர்ந்திருக்கிறது. அதனால் இரண்டையும் நேராக ஒப்பிட முடியாது. ஆனால் சோற்றுக்கு மட்டும் என்றால் முதல் ஒன்றும் மலைக்கவைக்கும் தொகை இல்லை என்பது புரிகிறது.

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. அந்த ஒரு அடிகள் யார் என்று கல்வெட்டு பெயர் சொல்லவில்லை. சொல்லவும் தேவையில்லை. சமணத் துறவி மழைக்காலம் நான்கு மாதம் தவிர ஓரிடத்தில் தங்கக்கூடாது. இன்றைக்கு இருப்பவர் நாளைக்குப் போய்விடுவார், வேறொருவர் வருவார். சாந்திவீரர் ஒரு மனிதருக்காகப் பொன் வைக்கவில்லை. ஒரு இடத்துக்காக வைத்தார். எங்கள் பாஷையில் சொன்னால் ஒரு ஸ்லாட். வந்து உட்காருபவர் யாராக இருந்தாலும் இலை விழும். அலைகிறவர் கையில் ஒரு குன்றிமணிப் பொன்கூட இல்லை. சேமிப்பு வழியில் இருக்கிறது.

இதை மனதில் வைத்துக்கொண்டு பழனிமலைச் சுற்றுவட்டாரத்தை அடிவாரத்திலிருந்து வட்டக்கானல் வரை பார்த்தால், வீட்டையும் வேலையையும் விட்டுவிட்டு நீண்ட காலம் அலைந்தவர்களின் வரலாறு வேறு மாதிரித் தெரிகிறது. யார் அலைந்தார் என்பதைவிட யார் செலவில் அலைந்தார் என்று கேட்டால் நிறைய விஷயம் பிடிபடும்.

பழனியையே எடுத்துக்கொள்ளுங்கள். உலகத்தைச் சுற்றி வந்தால் பழம் என்ற போட்டியில் தோற்று, கோபித்துக்கொண்டு, எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கோவணத்தோடு வந்து நின்ற சாமி. ஆண்டிக்கோலம். ஒரு பயணத்தில் தொடங்கி வீட்டை விட்டு வெளியேறுவதில் முடிகிற தலபுராணம் வேறு எங்கே இருக்கிறது? இந்த ஆண்டியைக் குலதெய்வம் மாதிரிக் கொண்டாடியவர்கள் யார் என்று பாருங்கள்: நாட்டுக்கோட்டை நகரத்தார். லேவாதேவியில் பர்மா, மலேயா வரை போனவர்கள். 1859ல் சிங்கப்பூர் டேங்க் ரோட்டில் அவர்கள் கட்டிய கோயிலில் இருப்பவர் தண்டாயுதபாணி. பினாங்கு போனாலும் அவர்தான். வட்டிக்கடைக்காரர்களின் தெய்வம் கோவணாண்டி என்பதில் எனக்கு ஒரு முரணும் தெரியவில்லை. சேர்ப்பவனும் துறப்பவனும் ஒரே கணக்குப் புத்தகத்தின் பற்றும் வரவும்.

நகரத்தார் கணக்கில் மகமை என்று ஒரு பத்தி உண்டு. வியாபாரத்தில் ஒரு பங்கு தர்மத்துக்கு என்று எடுத்து வைப்பது. அந்தப் பணம்தான் காசியிலிருந்து ராமேஸ்வரம் வரை சத்திரமாக நின்றது. தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகக் காவடியோடு அவர்கள் நடப்பது இன்றும் நடக்கிறது. இந்தப் பாதையில் பூச சமயத்தில் ஒருமுறை போனவர்களுக்குத் தெரியும், நடப்பவன் பையில் காசு இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. பந்தலுக்குப் பந்தல் சுக்குக் காபி, சாப்பாடு, காலுக்குத் தைலம். பல நாள் நடைக்கு பட்ஜெட் என்று தனியாக ஒன்று தேவைப்படுவதில்லை.

சத்திரம் என்பதை நாம் இப்போது கல்யாண மண்டபம் என்ற பொருளில் மட்டும் வைத்திருக்கிறோம். மதுரை ரயில்வே ஸ்டேஷனுக்கு எதிரே மங்கம்மாள் சத்திரம் என்ற பெயர் இன்னும் இருக்கிறது. தஞ்சை மராட்டியர் ராமேஸ்வரம் போகும் பாதை நெடுகச் சத்திரங்கள் கட்டி, அவற்றுக்கு ஊர்களை மானியமாக எழுதி வைத்தார்கள். ஒரத்தநாட்டு முக்தாம்பாள் சத்திரத்தை இரண்டாம் சரபோஜி கட்டியது 1802ல். ஐவர்மலையின் 505 காணம் ஒரு ஆளுக்கு என்றால், இவை ஆயிரக்கணக்கான ஆட்களுக்கு. தத்துவம் ஒன்றுதான்: முதல் நிலமாக இருக்கட்டும், விளைச்சலில் சோறு போடு.

பரதேசி என்ற சொல் இந்த அமைப்புக்குள் பிறந்தது. வேறு தேசத்திலிருந்து வந்தவன் என்பதுதான் அதன் பொருள். தேசாந்திரியும் அப்படித்தான். வசைச்சொல்லாக மாறியதெல்லாம் பின்னால். என்னைக் கேட்டால், சத்திரங்கள் மூடத் தொடங்கிய காலத்தில்தான் அந்தச் சொல் வசையாகக் கெட்டிப்பட்டிருக்க வேண்டும். வந்தவனுக்குப் போட இலை இல்லாத ஊரில் வந்தவன் தொல்லைதானே.

எல்லோரும் அடுத்தவர் செலவில்தான் போனார்கள் என்று சொல்லவில்லை. சொந்தக் காசில் போனவர்களும் உண்டு. சென்னை சுப்ரீம் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராகப் பெரிய பதவியில் இருந்த ஏனுகுல வீராசாமி 1830 மே மாதம் கிளம்பிக் காசி, கயா, கல்கத்தா, பூரி என்று சுற்றிவிட்டு 1831 செப்டம்பரில் திரும்பினார். பதினைந்து மாதத்துக்கு மேல். தெலுங்கில் அவர் எழுதிய குறிப்புகள் 1838ல் அச்சானது. நம் மண்ணில் ஒரு சம்பளக்காரர் எழுதிய நீண்ட பயணக் குறிப்புகளில் அது மிக முந்தியது. ஆனால் கூடப் போனவர்கள் ஏறக்குறைய நூறு பேர். பல்லக்கு, கூடாரம், சமையல்காரர்கள். வேலையை விட்டுவிட்டுப் போகவில்லை, லீவு போட்டுவிட்டுப் போனார். இன்றைய சபாட்டிகலுக்கு அவர்தான் மூதாதை.

இனி மலைமேல் ஏறுவோம்.

கொடைக்கானலின் கதையை எல்லோரும் 1821ல் லெப்டினன்ட் வார்டு சர்வே செய்ய வந்ததிலிருந்து ஆரம்பிப்பார்கள். அதற்கு எத்தனையோ நூற்றாண்டு முன்பே இங்கே பளியர் இருந்தார்கள். பூம்பாறை, மன்னவனூர், குக்கல் எல்லாம் படிக்கட்டு வயல்களோடு இருந்த ஊர்கள். அதற்கும் முந்திய கல்திட்டைகள் தாண்டிக்குடிப் பக்கம் கிடக்கின்றன. சரி, வெள்ளைக்காரர் கதைக்கு வருவோம். மதுரையில் இருந்த அமெரிக்க மிஷன்காரர்கள் காலராவிலும் காய்ச்சலிலும் ஆட்களை இழந்து, முதலில் சிறுமலையில் முயன்று, அங்கும் காய்ச்சல் விடாமல், 1845ல் கொடைக்கானலில் முதல் இரண்டு வீடுகளைக் கட்டினார்கள். உயிர் பிழைக்க வந்தவர்கள். அவர்களை விட்டுவிடலாம்.

நம் தலைப்புக்குப் பொருந்துகிற ஆள் வியர் ஹென்றி லெவிஞ்ச். மதுரை கலெக்டர். 1863ல் ஓடையை மறித்து ஏரியை உண்டாக்கியவர் என்று கொடைக்கானல் போகிற ஒவ்வொரு டூரிஸ்டுக்கும் கைடு சொல்லுவார். கைடு சொல்லாதது, அவர் 1867ல் ஓய்வு பெற்றபோது செய்த காரியம். அந்தக் காலத்தில் ஓய்வு பெற்ற சிவிலியன் கப்பல் ஏறி ஊருக்குப் போய்விடுவான். அதுதான் வழக்கம், அதுதான் மரியாதை. லெவிஞ்ச் போகவில்லை. மலைமேல் குடியேறி, சொந்தப் பணத்தையும் போட்டு, பழமரங்களும் காய்கறிகளும் கொண்டுவந்து நட்டு, 1885ல் சாகும்வரை அங்கேயே இருந்தார். எல்லோரும் போகிற ரயிலில் ஏறாமல் பிளாட்பாரத்திலேயே நின்றுவிட்ட மனிதர் என்ற வகையில் எனக்கு அவரைப் பிடிக்கும்.

ஆனால் அவருடைய காணம் எங்கிருந்து வந்தது? அக்காலத்து உயர் சிவில் சர்வீஸில் 25 வருடம் முடித்தவருக்கு விதிப்படி வருடம் 1000 பவுண்டு ஓய்வூதியம். 1870 வாக்கில் ஒரு ரூபாய் ஏறக்குறைய 2 ஷில்லிங். ஆயிரம் பவுண்டு என்றால் பத்தாயிரம் ரூபாய். பிறகு உலகச் சந்தையில் வெள்ளி விலை சரிந்தது, வெள்ளி ரூபாயும் கூடவே சரிந்தது. 1885 வாக்கில் ரூபாய்க்கு சுமார் 1 ஷில்லிங் 6 பென்ஸ். அதே ஆயிரம் பவுண்டு பதின்மூன்றாயிரம் ரூபாய்க்கு மேல். பவுண்டில் வருமானம், ரூபாயில் செலவு என்று இருந்தவனுக்கு ஒன்றும் செய்யாமலேயே மூன்றில் ஒரு பங்கு சம்பள உயர்வு. அந்தப் பணத்தை யார் கட்டினார்கள்? மதுரை ஜில்லா ரயத்தும் சேர்த்துத்தான் கட்டினான். லண்டனுக்குப் போகும் ஓய்வூதியச் செலவு இந்திய வருவாயிலிருந்துதான் போனது. வந்து தங்கினவர்களை மலைக்குத் தூக்கி வந்ததும் நம் ஆள்தான். முதல் உலகப் போர்க் காலத்தில் மோட்டார் சாலை திறக்கும்வரை, பெரியகுளம் பக்கம் கிருஷ்ணமநாயக்கன் தோப்பிலிருந்து மேலே போவதென்றால் குதிரை அல்லது டோலி. டோலிக்கு அடியில் தோள் கொடுத்தவர்களும் மலையேறினார்கள். அவர்களை யாரும் பயணிகள் என்று சொல்வதில்லை.

லெவிஞ்ச் மலையில் நிம்மதியாக இருந்த அதே வருடங்களில் சர்க்கார் இன்னொரு சட்டம் போட்டது. 1869ல் முதலில், பிறகு 1874ல் திருத்தி: ஐரோப்பிய நாடோடிகள் சட்டம். வேலையும் இல்லாமல், வெளியே தெரியும் வருமானமும் இல்லாமல் அலையும் வெள்ளைக்காரனைப் பிடித்து மாஜிஸ்திரேட் முன் நிறுத்தலாம், அரசாங்கத் தொழில்விடுதியில் அடைக்கலாம், கப்பல் ஏற்றி நாடு கடத்தலாம். ரயில் வேலையை இழந்தவன், கப்பலை விட்டு ஓடிவந்த மாலுமி, சிப்பாயாக இருந்து விலகியவன் என்று ஏகப்பட்ட பேர் அப்போது ஊர் ஊராக அலைந்துகொண்டிருந்தார்கள். ஆளும் இனத்துக்காரன் பஜாரில் கை நீட்டி நிற்பது சர்க்காருக்கு அவமானம். ஆக, வேலையை விட்ட வெள்ளைக்காரன் இரண்டு வகை. பென்ஷன் இருந்தால் ஏரிக்கரையில் நினைவுச் சிலுவை. இல்லாவிட்டால் தொழில்விடுதி.

நம்மவர்களுக்கு இதைவிட மோசம். உப்பும் தானியமும் மாட்டில் ஏற்றிக் கடற்கரைக்கும் உள்நாட்டுக்கும் இடையே போய்வந்து பிழைத்த குறவர்கள், ரயிலும் சர்க்கார் உப்பு ஏகபோகமும் வந்த பிறகு பிழைப்பை இழந்தார்கள். பிழைப்பு போனாலும் அலைச்சல் நிற்கவில்லை. 1871ல் வடக்கே வந்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1911ல் திருத்தியபோது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஊர் விட்டு ஊர் போகப் போலீஸ் அனுமதி வேண்டும் என்ற நிலை. நாடு முழுக்க அந்தச் சட்டம் ஒழிந்தது 1952ல்தான். இடையில் 1945ல் சென்னை மாகாணப் பிச்சைத் தடுப்புச் சட்டம். 870ல் ஒரு அலைகிறவனுக்காகப் பொன் வைத்த அதே நாட்டில், ஆயிரம் வருடம் கழித்துக் காசில்லாமல் அலைவது குற்றம். ரூபாய் நோட்டு, ரயில், நீதிமன்றம் இதெல்லாம் வந்ததைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். இந்த மாற்றத்தைப் பற்றி நம் பள்ளிப் பாடத்தில் ஒரு வரிகூட இல்லை.

காசு இருந்து அலைவதற்குத் தடையில்லை, சொல்லப்போனால் மரியாதை. 1936ல் கொடைக்கானலில் குறிஞ்சி ஆண்டவர் கோயிலைக் கட்டியவர் லீலாவதி ராமநாதன். ஆன்மிகத் தேடலில் இலங்கைக்கு வந்து சைவரான வெள்ளைக்காரப் பெண்மணி. சர் பொன்னம்பலம் ராமநாதனின் மனைவி. அங்கே நின்று பார்த்தால் பனி இல்லாத நாளில் கீழே பழனி தெரியும். ஆண்டியை நோக்கி மேலிருந்து ஒரு ஆண்டவர்.

அடுத்த அலை ஹிப்பிகள். 1957லேயே லண்டனிலிருந்து கல்கத்தாவுக்கு ஒரு பஸ் ஓடியது. இந்தியாமேன் என்று பெயர், ஒருவழிக் கட்டணம் 85 பவுண்டு. அறுபதுகளில் இஸ்தான்புல், டெஹ்ரான், காபூல், லாகூர் வழியாக ஆயிரக்கணக்கில் வந்தார்கள். 1972ல் அப்படிக் கிளம்பிய டோனி, மவுரீன் வீலர் தம்பதி சிட்னி போய்ச் சேர்ந்தபோது கையில் 27 சென்ட். அடுத்த வருடம் அவர்கள் எழுதிய மலிவுப் பயணக் கையேட்டிலிருந்து பிறந்ததுதான் லோன்லி பிளானட். 1979ல் ஈரான் புரட்சி, வருடக் கடைசியில் ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படை. தரைப்பாதை மூடிவிட்டது.

இவர்களுடைய காணம் எது? பலரும் வீட்டைத் துறந்ததாகச் சொல்லிக்கொண்டார்கள். நான் ஒரு தேதியைச் சொல்கிறேன்: 1966 ஜூன் 6. அன்றைக்கு இந்திரா காந்தி அரசு ரூபாயின் மதிப்பைக் குறைத்தது. டாலருக்கு 4.76 ஆக இருந்தது 7.50 ஆனது. சட்டைப்பையில் நூறு டாலரோடு இருந்தவனுக்கு 476 ரூபாய் இருந்த இடத்தில் ஒரே நாளில் 750. நம் இறக்குமதிக்காரன் தலையில் கை வைத்த அதே காலையில், கோவாவிலோ கொடைக்கானலிலோ படுத்துக்கிடந்த பையனுக்குப் பயணம் பாதிக்கு மேல் நீண்டுவிட்டது. அவனுக்கு அது தெரிந்திருக்கக்கூட வேண்டாம்.

இந்தக் கணக்கு இன்னும் செல்லுபடியாகிறது. வட்டக்கானலை லிட்டில் இஸ்ரேல் என்று சொல்வது ஏன் என்று பலர் கேட்கிறார்கள். இஸ்ரேலில் ஆணும் பெண்ணும் கட்டாய ராணுவ சேவை முடித்ததும் விடுவிப்புப் பணம் ஒரு தொகை கிடைக்கும். அதோடு சில மாதம் ஹோட்டலிலோ பண்ணையிலோ வேலை பார்த்துச் சேர்த்துக்கொண்டு, ஆறு மாதம் ஒரு வருடம் என்று கிளம்புவது அங்கே ஒரு சடங்கு மாதிரி. 1992ல் இரு நாட்டுக்கும் முழுத் தூதரக உறவு வந்தபின் இந்தியா வருவது சுலபமானது. மெஸ்ஸில் ஹீப்ரு மெனு எழுதிவைக்கும் அளவுக்கு வந்தார்கள். குறைந்த சேமிப்புதான், ஆனால் ஷெக்கலில். குறைந்த சேமிப்பு என்பதே எந்தக் கரன்சியில் குறைவு என்பதைப் பொறுத்தது.

அதற்காக வந்தவர்கள் எல்லாம் சாப்பிட்டுவிட்டுப் போனவர்கள் என்று சொன்னால் அநியாயம். 1980களின் நடுவில் பயணிகளாக வந்து வட்டக்கானலிலேயே தங்கிவிட்ட ராபர்ட் ஸ்டூவர்ட், டான்யா பால்கர் என்ற பிரிட்டிஷ் தம்பதியைப் பற்றிப் பழனிமலைக் காடுகளைப் படிக்கிற எல்லோரும் கேள்விப்பட்டிருப்பார்கள். சோலைக்காட்டு மரங்களின் விதைகளைப் பொறுக்கி, எது எப்போது முளைக்கும் என்று பொறுமையாகப் பார்த்து, நாற்றங்கால் போட்டார்கள். வட்டக்கானல் கன்சர்வேஷன் டிரஸ்ட் அவர்கள் உருவாக்கியது. அவர்கள் நாற்றாக்கிய மரங்களில் எலியோகார்பஸ் பிளாஸ்கோயி என்று ஒன்று, உலகத்திலேயே பழனிமலையில் மட்டும் உள்ள மிக அரிய மரம். உருத்திராட்ச மர இனத்தைச் சேர்ந்தது. ஆண்டிகள் கழுத்தில் கிடக்கிற கொட்டையின் தாயாதி. ஒரு ஊரில் நிறைய நாள் சும்மா இருந்தால்தான் ஒரு விதை முளைக்க எத்தனை மாதம் ஆகும் என்று பார்க்க முடியும். ஆபீஸ் லீவில் போகிறவனால் முடியாது.

இப்போது நம்மூர் சம்பளக்காரன் விஷயம். அவன் ரூபாயில் சேர்த்து ரூபாயில் செலவழிக்க வேண்டும். மே மாதம் கொடைக்கானலில் ஒரு சுமாரான ரூம் என்ன வாடகை என்று பார்த்தால் ஷீட்டில் இருக்கும் ஃபார்முலா சிவப்பாகிவிடும். பென்ஷன் கிடையாது, அவன் போகிற வழியில் சத்திரம் கிடையாது, நாணய மாற்று லாபம் கிடையாது. அப்பா அம்மா மருத்துவச் செலவு, பிள்ளையின் காலேஜ் ஃபீஸ் இரண்டும் ஷீட்டின் அடுத்த டேபில் இருக்கும். முழுக்க முழுக்கத் தன் ஒருவன் சேமிப்பை மட்டும் நம்பி, குடும்பத்தையும் சுமந்துகொண்டு, வருடக்கணக்கில் அலையலாம் என்று நினைக்கிற முதல் தலைமுறை நாம்தான். முன்னுதாரணம் தேடிப் பழைய ஏடுகளைப் புரட்டினால் கிடைக்காது, நான் தேடிப்பார்த்துவிட்டேன். அலைந்தவனிடம் சேமிப்பு இல்லை, சேமித்தவன் அலையவில்லை. இருவருக்கும் நடுவே ஒரு ஏற்பாடு இருந்தது. நாம் இரண்டு ஆளாகவும் ஒருத்தரே இருக்கப் பார்க்கிறோம்.

இதையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் விளக்கிக்கொண்டிருந்தேன். மனைவி கீரை ஆய்ந்தபடி கேட்டாள்: "ஏங்க, பரதேசியாப் போறதுக்கு எதுக்குங்க இவ்வளவு ஃபிக்ஸட் டெபாசிட்? போறவங்க போறாங்க. நீங்க போங்க, டெபாசிட்டை என் பேர்ல எழுதி வச்சுட்டுப் போங்க." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் யோசித்துப் பார்த்தால் சாந்திவீரக்குரவர் செய்ததும் அதுதான். பொன்னை இடத்துக்கு எழுதி வைத்தார். ஆள் வருவார், போவார். ஷீட்டில் "எத்தனை வருடம் தாங்கும்" என்ற பத்தியை அழித்துவிட்டு, "நான் இல்லாத மாதங்களில் வீடு நடக்க எவ்வளவு" என்று மாற்றிப் போட்டிருக்கிறேன். எண் வேறு வருகிறது. இன்னும் முடிவு எடுக்கவில்லை; கம்பெனியில் நோட்டீஸ் பீரியட் மூன்று மாதம், அதுவும் இருக்கிறது.

ஐவர்மலைக்குப் போக நினைப்பவர்களுக்கு: வெயிலுக்கு முன் காலையில் ஏறிவிடுங்கள், தண்ணீர் கொண்டுபோங்கள். எழுத்தின்மேல் சுண்ணாம்போ சாக்பீஸோ தடவிப் படம் எடுக்க வேண்டாம். அங்கிருந்து கொடைக்கானல் போவதானால், 2024 மே 7 முதல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயம். 2025 கோடையில் வார நாட்களில் 4000, வார இறுதியில் 6000 வண்டிகள் என்று உச்சவரம்பும் வைத்தார்கள். மலை தாங்காது, வேறு வழியில்லை. விண்ணப்பத்தில் எங்கே தங்கப் போகிறீர்கள், எத்தனை நாள் என்ற விவரமெல்லாம் கேட்பார்கள். அரசு பஸ்ஸில் போகிறவருக்கு இந்தப் பாஸ் தேவையில்லை. பழனி பஸ் ஸ்டாண்டில் ஏறினால் சவரிக்காடு, பெருமாள்மலை வழியாக 64 கிலோமீட்டர். இடதுபக்க ஜன்னலோ வலதுபக்க ஜன்னலோ, பாதி வழிக்கு ஒன்று நல்லா இருக்கும்.